திருப்பி எடுக்க மறுத்தால்: இணையச் சந்தையில் வாங்குபவரின் உரிமையும் நிரூபிக்கும் சுமையும்

இணையத்தில் வாங்கிய பொருள் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் இன்று கோடிக்கணக்கானவர்கள் முகம் தெரியாத விற்பனையாளரிடம் பொருள் வாங்குகிறார்கள். பெரும்பாலான ஆர்டர்களில் அந்த நம்பிக்கை வீண்போவதில்லை. எடுத்துப்போக ஆள் வருகிறார், சில நாட்களில் பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது. “பொருளில் குறையில்லை”, “நீங்கள் அனுப்பியது எங்கள் பொருளே அல்ல”, “காலம் கடந்துவிட்டது” என்று பதில் வரும்போதுதான் தகராறு பிறக்கிறது. கஸ்டமர் கேருக்குப் பேசினால் விற்பனையாளரைக் கேட்கச் சொல்கிறார்கள். விற்பனையாளரோ, முடிவு தளத்தின் கையில் என்கிறார். நடுவில் பொருளை எடுத்துப்போன கூரியர்காரர் என்ன எழுதிக்கொண்டார் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இந்தத் தகராறுகளை இந்தியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, எங்கே வாங்குபவருக்குத் துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது, வாங்கியவர் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமை சட்டத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதை நிரூபிக்கும் சுமைதான் வாங்குபவர், விற்பவர், தளம் என்ற மூவரில் மிகக் குறைந்த ஆதாரம் வைத்திருப்பவரின் தலையில் விழுகிறது. தகராறின் வேர் அதுவே.

மூன்றாவது ஆள் வந்த கதை

கடைத்தெருவில் வாங்குபவர், விற்பவர் என இருவரே உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அந்த இருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்று 15ஆம் பிரிவும், பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 41ஆம் பிரிவும் சொல்கின்றன. 43ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் தாமே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, ‘ஏற்கவில்லை’ என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்பது அதன் சாரம். ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. இன்றைய தளங்களின் நீண்ட விதிமுறைப் பக்கங்கள் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தளம் என்ற மூன்றாவது ஆள் நம் நாட்டில் இந்த வடிவில் வந்ததற்கு அந்நிய முதலீட்டு விதிகளும் ஒரு காரணம். அந்நிய முதலீடு பெற்ற நிறுவனம் தன் சொந்தச் சரக்கை நுகர்வோருக்கு நேரடியாக இணையத்தில் விற்கப் பொதுவாக அனுமதியில்லை. பிறர் விற்கும் சந்தையாக மட்டுமே இயங்கலாம். 2016 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 3ஆம் எண் பத்திரிகைக் குறிப்பு இதைத் தெளிவாக்கியது. விற்பனைக்குப் பிந்தைய பொருள் சேர்ப்பும் வாடிக்கையாளரின் திருப்தியும், உத்தரவாதமும் விற்பவரின் பொறுப்பு என்றும் அதே குறிப்பு சொன்னது. 2018 டிசம்பரில் வந்த 2ஆம் எண் குறிப்பு கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. சிறு கடைக்காரர்களைக் காக்க எழுதப்பட்ட இவ்விதிகளுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. குறை சொல்லி வருபவரிடம் “நாங்கள் விற்கவில்லை” என்று சொல்லத் தளத்துக்கு ஒரு வலுவான வாசகம் கிடைத்துவிட்டது.

தகராறின் வகைகள்

எல்லாத் தகராறுகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது முதல் வகை. நிறம் பிடிக்கவில்லை, வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பவை இதில் சேரும். இதற்கு இந்தியச் சட்டம் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. தளமோ விற்பனையாளரோ அறிவித்திருக்கும் கொள்கையே எல்லை.

இரண்டாம் வகை, பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருப்பது. தாமதமாக வந்ததும் இதில் அடங்கும். இங்கே திருப்பி எடுப்பது சலுகை அல்ல, சட்டக் கடமை. மூன்றாம் வகைதான் மிகச் சிக்கலானது. வேறு பொருள் வந்தது, பெட்டி காலியாக இருந்தது, அல்லது திருப்பி அனுப்பியது வழியில் மாறிப்போனது என்று ஒரு தரப்பு சொல்ல, மறுதரப்பு மறுக்கும். பொருளின் தரத்தைவிட நடந்தது என்ன என்பதே இங்கே கேள்வி.

தம் புகார் எந்த வகை என்று வாங்கியவர் முதலில் தெளிந்துகொள்வது நல்லது. தையல் பிரிந்த சட்டையைத் திருப்பும்போது, அவசரத்தில் ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்தைத் திரையில் அழுத்திவிட்டால், இரண்டாம் வகைப் புகார் முதல் வகையாகப் பதிவாகிவிடும். பின்னால் வாதாடும்போது அந்த ஒரு தேர்வே எதிராக நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையவழியே வாங்குபவரும் நுகர்வோரே என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவருக்கு இது பொருந்தாது. பழுதான பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவு. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பி எடுக்க வேண்டும்.

2020 ஜூலை 23 அன்று வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் இதை இணையச் சந்தைக்கு விரித்துச் சொல்கின்றன. பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளையும், சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருளையும் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது 6ஆம் விதி. இயற்கைச் சீற்றம் போன்ற கைமீறிய காரணத்தால் தாமதம் நேர்ந்தால் மட்டுமே விலக்கு. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். புகாருக்கு எண் தர வேண்டும். வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால் விற்பனையாளரின் முகவரி உள்ளிட்ட விவரங்களையும் தளம் தந்தாக வேண்டும்.

தளம் சொல்லும் 7 நாள், 10 நாள் கெடு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தளத்தின் திரையில் உள்ள பொத்தானுக்குத்தான் அந்தக் கெடு. பழுதான பொருள் குறித்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் உண்டு என்கிறது சட்டத்தின் 69ஆம் பிரிவு. கெடுவுக்குள் சொல்வது வழக்கை வலுவாக்கும் என்பது உண்மை. கெடு தாண்டியதாலேயே உரிமை செத்துவிடாது என்பதும் உண்மை.

தளம் கைகழுவ முடியுமா

சட்ட வாதங்களின் மையம் இதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு, பிறருடைய தகவலைத் தாங்கும் இடைத்தரகருக்கு நிபந்தனைகளோடு பாதுகாப்புத் தருகிறது. தளங்கள் அதன் நிழலில் நிற்க விரும்புகின்றன. வணிகமுத்திரை வழக்கொன்றில் 2018இல் டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, விற்பனையில் தீவிரமாகப் பங்கெடுக்கும் தளம் வெறும் இடைத்தரகர் ஆகாது என்றார். 2020இல் அமேசான் – ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தீவிரமானவர், செயலற்றவர் என்ற பாகுபாட்டைச் சட்டம் செய்யவில்லை என்று வேறு திசையில் சென்றது.

நுகர்வோர் சட்டத்தின் வழியே பார்க்கும்போது படம் வேறு. இந்தியத் தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகியவற்றுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியே விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணத்தைத் தர உத்தரவிட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் தளம் வருவாய் ஈட்டுகிறது, எனவே குறை எழும்போது விலகி நிற்க முடியாது என்பதே ஆணையத்தின் வாதம்.

அந்த வாதம் சரியானது. பணத்தை வாங்குவது தளம். விற்பனையாளருக்கு எப்போது தருவது என்று தீர்மானிப்பதும் அதுவே. பெரும்பாலும் கூரியரும் அதன் ஏற்பாடு. எந்த விற்பனையாளர் மேல் எத்தனை புகார் வந்தது என்ற பதிவும் அதனிடமே இருக்கிறது. இத்தனையும் கையில் வைத்திருப்பவர், தகராறு என்று வந்தால் மட்டும் வழிப்போக்கர் ஆகிவிட முடியாது.

யார் நிரூபிப்பது

திருநெல்வேலியில் ஒருவர் செல்பேசி ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வேறு பழைய செல்பேசி இருக்கிறது. கிடங்கில் எடை பார்த்த பதிவு, அடைத்த மேசையின் கேமராக் காட்சி, ஊர் ஊராகக் கைமாறிய ஸ்கேன் பதிவுகள், ஒப்படைத்த நேரம் எல்லாம் தளத்திடமும் கூரியரிடமும் உள்ளன. வாங்கியவரிடம் இருப்பது திறந்த பெட்டி மட்டுமே. ஆனாலும் ‘நிரூபியுங்கள்’ என்ற வார்த்தை அவரை நோக்கித்தான் வருகிறது. பெட்டியைத் திறக்கும் வீடியோ இல்லை என்பதாலேயே நியாயமான புகார்கள் தள்ளப்படுகின்றன. வீடியோ எடுப்பது நல்ல பழக்கம். அது இல்லாததே ஏமாற்றுக்குச் சான்று என்று கொள்ளச் சட்டத்தில் எங்கும் இடமில்லை.

பொருளை எடுக்க வருபவர் வாசலிலேயே சோதித்து “தகுதியில்லை” என்று சொல்லிவிட்டுப் போவதும், “வாடிக்கையாளர் ரத்து செய்தார்” என்று பதிவாவதும் இந்தச் சுமையை மேலும் கூட்டுகின்றன. எடுக்க மறுத்த காரணம் எழுத்தில் வாங்கியவர் கைக்கு வந்தால் தகராறுகள் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

விற்பவரின் பக்கம்

நியாயம் பேசும்போது விற்பவரின் கதையையும் கேட்க வேண்டும். திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணி, இளம்பிள்ளையின் சேலை எனத் தமிழகத்தின் சிறு உற்பத்தியாளர்கள் பலர் இந்தச் சந்தைகளை நம்பியிருக்கிறார்கள். உடுத்திக் கழித்த சேலை புதிதென்று திரும்பி வருவதும், நல்ல பொருளுக்குப் பதில் கிழிந்த துணி பெட்டிக்குள் வருவதும் அவர்களுக்கு நேரும் இழப்புகள். வாங்குபவர் வாசலிலேயே ஏற்க மறுத்த பார்சலும் அலைந்து அடிபட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் செலவைப் பல நேரங்களில் விற்பவரே சுமக்கிறார். குறைந்த லாபத்தில் விற்பவருக்கு ஒரு திருப்பல், பல விற்பனைகளின் லாபத்தைத் தின்றுவிடும்.

தளத்தின் முடிவால் பாதிக்கப்படும் விற்பனையாளர் வணிக நோக்கில் சேவை பெறுபவர் என்பதால், நுகர்வோர் ஆணையத்தின் கதவு அவருக்குப் பொதுவாகத் திறப்பதில்லை. ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் தீர்ப்பாயமோ சிவில் நீதிமன்றமோதான் வழி. ஆக, வாங்குபவரும் சிறு விற்பனையாளரும் எதிரிகள் போல நிறுத்தப்பட்டாலும், இருவரின் குறையும் ஒன்றே. ஆதாரம் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது, அவர் அதைக் காட்டுவதில்லை.

வாங்கியவர் செய்ய வேண்டியது

வழி நீளமானதல்ல, ஆனால் வரிசை முக்கியம். ஆர்டர் செய்த உடனே பொருளின் பக்கத்தை விலை, விவரிப்பு, திருப்பும் கெடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். அந்தப் பக்கம் நாளை மாறலாம். விலை உயர்ந்த பொருளென்றால் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி இடைவெட்டில்லாமல் ஒரே வீடியோவாகத் திறப்பதைப் பதிவு செய்ய வேண்டும். பெட்டி, சீட்டு, பில் எதையும் தூக்கி எறியக் கூடாது. பில்லில் விற்பனையாளரின் பெயரும் முகவரியும், ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அந்த எண்ணும் இருக்கும். வழக்கில் எதிர்த்தரப்பாக யாரைச் சேர்ப்பது என்பதை அதுவே சொல்லும்.

குறை தெரிந்ததும் தளத்தின் செயலியிலேயே சரியான காரணத்தைத் தேர்ந்து புகார் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் பேச்சு ஆவணமாகிவிடும். பொருளை எடுத்துப்போகும் முன் திருப்புவதற்கான ஓடிபியைச் சொல்லக் கூடாது. கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுப்பது ஆபத்து. போலி எண்களை வைத்துக் காத்திருக்கும் மோசடிக்காரர்கள் “ரீஃபண்ட் தருகிறோம்” என்று சொல்லி க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் எண்ணைப் போடவோ சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யாரும் பின் எண் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

முதல் பதில் திருப்தியில்லை என்றால் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். என்ன வாங்கினேன், என்ன வந்தது, என்ன கேட்கிறேன், எந்தத் தேதிக்குள் என்று நான்கே செய்திகள் போதும். 6ஆம் விதியை ஒரு வரியில் சுட்டலாம். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், இணையத்திலும் பதியலாம். இது நீதிமன்றமல்ல, நிறுவனத்தோடு பேசித் தீர்க்கும் ஏற்பாடு. கட்டணமில்லை. கார்டில் பணம் செலுத்தியவர் தம் வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் வழியையும் அதே நேரத்தில் நாடலாம். அதற்குத் தனிக் கெடு உண்டு, தாமதிக்கக் கூடாது.

இவற்றால் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், தளத்தின் விதிமுறை பெங்களூரு நீதிமன்றம் என்று சொன்னாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. நடுவர் ஒப்பந்தம் இருப்பதாலேயே ஆணையத்தின் கதவு மூடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் எல்லை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே பதியலாம், காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். விற்பனையாளரையும் தளத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்க வேண்டும். பணம், வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் சொல்லலாம் என்பதால் அதைப் பயன்படுத்தாமல் அப்படியே வைத்திருப்பது அவசியம்.

வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவையென்றால் 5 மாதம். நடைமுறையில் அதைத் தாண்டி இழுக்கும் வழக்குகள் ஏராளம். ஆணையங்களில் பதவிகள் நிரப்பப்படாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றமே 2021இல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

மற்ற நாடுகள் எடுத்த முடிவு

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் பின்வாங்கலாம். 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒன்றின்படி, ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை பொருளை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்றால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்துப் பணம் பெற வழி செய்கிறது. சீனாவில் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த திருத்தம், பெரும்பாலான இணையக் கொள்முதல்களுக்கு 7 நாள் திருப்பும் உரிமையைத் தந்தது. கணினி, குளிர்பதனப்பெட்டி போன்ற நீடித்துழைக்கும் பொருட்களில் 6 மாதத்துக்குள் குறை கண்டால் நிரூபிக்கும் சுமை விற்றவர் மேல். விற்பனையாளரின் உண்மையான பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தர முடியாத தளமே நட்டஈடு தர வேண்டும். சந்தை வளர்ச்சியில் இந்தியாவுக்கு முன்னோடியான சீனா இந்த விதியால் வணிகத்தை இழந்துவிடவில்லை.

முடிவாக

நம் சட்டத்தில் உரிமை இருக்கிறது, மன்றமும் இருக்கிறது. ஆனால் 600 ரூபாய் செருப்புக்காக மாதக்கணக்கில் அலைய எவரும் முன்வருவதில்லை. வழக்காகாத இத்தகைய சிறு இழப்புகள் சேர்ந்து பெரும் தொகையாகின்றன. எனவே தீர்வு வழக்குக்கு முந்தைய இடத்தில் அமைய வேண்டும்.

மூன்று திருத்தங்கள் தேவை. திருப்பும் கெடுவுக்குள் வந்த புகாரில் பொருள் சரியாகவே போய்ச் சேர்ந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை, எடை, ஸ்கேன், கேமராப் பதிவுகளை வைத்திருக்கும் தளத்தின் மேல் விதி நேரடியாகச் சுமத்த வேண்டும். பொருளை எடுக்கும்போதோ மறுக்கும்போதோ படத்துடன் கூடிய சோதனைச் சீட்டு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். விற்பனையாளரின் உண்மை முகவரியைத் தர முடியாத தளம் பணத்தைத் தானே திருப்பித் தர வேண்டும். இவை ஏமாற்றும் வாங்குபவரிடமிருந்து திருப்பூர்க்காரரையும் காக்கும்.

அதுவரை வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். குறைதீர் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல், 1915க்கு ஒரு புகார், இவ்விரண்டையுமாவது செய்யுங்கள். ஒரே விற்பனையாளர் மீதும் ஒரே தளத்தின் மீதும் குவியும் பதிவுகள்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்க அடிப்படையாகின்றன. பதிவு செய்யப்படாத குறை, சட்டத்தின் கணக்கில் நடக்காத குறை.